சிங்காசனத்துக்குச் சக்கரம் எதற்கு?

"ஆண்டவருக்கு எதுக்குய்யா சக்கரம்? நடக்க முடியாதவங்களுக்குத்தான சக்கரம்?"

அம்மா இப்படிக் கேட்டு எட்டு நாளாகிறது. அவளுக்குக் கண் மங்கிவிட்டதால் தினம் ஒரு அதிகாரம் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அன்று எசேக்கியேல் முதலாம் அதிகாரம். இடுப்பெலும்பு முறிந்து, திருநெல்வேலிப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு, சென்னையில் என் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து நாலு மாதம். மற்றதெல்லாம் எல்லா வீட்டுக் கதைதான்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. எசேக்கியேல் ஆசாரியன். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் யோயாக்கீன் ராஜாவோடு வாரிக்கொண்டு போனவர்களில் ஒருவன். சிறையிருப்பின் ஐந்தாம் வருஷம், பாபிலோனில் கேபார் ஓரமாக இருக்கிறான். நதி என்று நம் வேதம் சொன்னாலும் அது நிப்பூர் பக்கத்துப் பாசனக் கால்வாயாக இருக்கலாம் என்கிறார்கள். 'முப்பதாம் வருஷம்' என்று தொடங்குவதை அவன் வயதாக எடுத்துக்கொண்டால், ஆலயப் பணிக்குள் நுழைய வேண்டிய வயது அது. ஆலயமோ எருசலேமில். அப்போதுதான் வடக்கேயிருந்து புயலும் அக்கினியும், நாலு முகமுள்ள ஜீவன்கள், அவற்றின் பக்கத்தில் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் மேலே நீலரத்தினம்போல ஒரு சிங்காசனம். ஏசாயா ஆலயத்தில் கண்ட சிங்காசனத்தில் சக்கரம் இல்லை. இதில் இருக்கிறது. ஏன்? கடவுள் எருசலேமில் கட்டுண்டு கிடப்பவர் அல்ல, சிறைப்பட்டவர்கள் இருக்கும் இடத்துக்கே வருகிறவர். இதைக் கொஞ்சம் பிரசங்கத் தோரணையிலேயே சொன்னேன்.

அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு நாற்காலிச் சக்கரத்தின் வெளிப்பக்கம் இருக்கிற மெல்லிய எஃகு வளையத்தைத் தடவினாள். கையால் உருட்டிக்கொள்வதற்கான வளையம் அது. தோளில் வலுவில்லாததால் அவளுக்கு உதவாது. "இந்தா, சக்கரத்துக்குள்ள சக்கரம்," என்றாள். "அவரத் தள்ளுறது யாரு?"

ஜீவன்களின் ஆவி சக்கரங்களில் இருந்தது என்று அதிகாரத்திலேயே இருக்கிறது. யாரும் தள்ளவில்லை. அதைச் சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

சிறுவயதில் இந்த அதிகாரம் எனக்குப் பயம். அந்தச் சக்கரங்களின் வட்டங்களெல்லாம் கண்கள் என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டதிலிருந்து, தெருவில் மாட்டுவண்டி போனால் சுவரோரம் ஒதுங்கி நிற்பேன். இரும்புப் பட்டையில் ஒட்டிய சேறெல்லாம் என்னைப் பார்ப்பதுபோல இருக்கும். யூதர்களும் பிள்ளைகளை இதனிடம் நெருங்கவிட்டதில்லை. முப்பது வயதாகுமுன் அவர்கள் இதன் தொடக்கத்தை வாசிப்பதில்லை என்று ஜெரோம் எழுதியிருக்கிறார். தல்மூதில் ஒரு கதை: ஒரு சிறுவன் இதை வாசித்து, அதில் வரும் 'ஹஷ்மல்' என்ற சொல்லைப் புரிந்துகொண்டானாம். உடனே நெருப்புப் புறப்பட்டு அவனை எரித்துவிட்டது. நம் வேதம் அந்தச் சொல்லைச் 'சொகுசா' என்கிறது. இதுவரை யாரையும் சுட்டதாகத் தெரியவில்லை. இன்றைய எபிரெயத்தில் ஹஷ்மல் என்றால் மின்சாரம்.

பிளும்ரிச் என்று நாசாவில் ஒரு பொறியாளர். எசேக்கியேல் கண்டது விண்கலம் என்ற பேச்சைப் பொய்யாக்கப் புறப்பட்டு, கடைசியில் தானே அதை நம்பிப் புத்தகம் எழுதினார். விண்கலத்தை விடுங்கள். திரும்பாமலே எந்தப் பக்கமும் ஓடும் சக்கரம் ஒன்றை வரைந்து 1974-ல் அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார் என்பதுதான் என் மனதில் நிற்கிறது. அந்த அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: அவை போகையில் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் குளியலறைக்குப் போக மூன்று முறை திருப்ப வேண்டும். முன்னாலுள்ள சின்னச் சக்கரங்கள் குறுக்கே விழுந்து நிலைப்படியில் முட்டும். பின்னால் இழுத்து மறுபடி தள்ளுவேன். அந்த நேரத்தில் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்தக் கண்மூடலைப் பார்த்த பிறகுதான் என் பதில் எனக்கே உறுத்த ஆரம்பித்தது. சக்கரம் என்றதும் நான் நினைத்தது போக்குவரத்து. அவள் நினைத்தது, தன் காலால் போக முடியாமல் போனது. ஒருவேளை கடவுளும் சிறைப்பட்டவர்களோடு ஊரைவிட்டுக் கிளப்பப்பட்டவரா? எசேக்கியேல் அப்படி எழுதவில்லை. அவன் கண்டது ராஜாவை. ஆனாலும் அவன் எதையும் நேரே சொல்வதில்லை. சிங்காசனத்தின் சாயல், மனுஷனைப்போன்ற சாயல் என்று எல்லாவற்றிலும் ஒரு சாயலைச் சேர்த்துவிடுகிறான். அம்மா சொன்னதற்கும் அந்தச் சாயலில் இடமுண்டா என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் நான் சொல்லாமல் விட்டேன். பத்தாம் அதிகாரத்தில் அதே சக்கரங்கள் மறுபடி வருகின்றன, எருசலேம் ஆலயத்தைவிட்டுப் போவதற்காக. சட்டென்று போய்விடுவதில்லை. மகிமை முதலில் வாசற்படியில் நிற்கிறது, பிறகு கிழக்கு வாசலில், அடுத்த அதிகாரத்தில் நகரத்துக்குக் கிழக்கே மலைமேல்.

இன்று ஒன்பதாம் அதிகாரம் முடித்தோம். வாசற்படி என்ற சொல் அதிலேயே வந்துவிட்டது. "கொஞ்சம் நிறுத்துய்யா," என்றாள் அம்மா. ஊர் வீட்டைப் பூட்டிய அன்று, நடையில் நாற்காலியைத் தூக்கி இறக்கும்போதும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். அன்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார், நான் நிறுத்தவில்லை.

இன்று நிறுத்தினேன். நாளை பத்தாம் அதிகாரம். வாசிப்பதா, நேரே நாற்பத்துமூன்றுக்குத் தாண்டுவதா? அதில் மகிமை கிழக்கு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. ஆனால் நடுவில் பக்கங்கள் புரளும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும்.