அடைக்கலம் புகுந்த உயிரை யார் கையில் ஒப்படைப்பது?

எமது ஆலய ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அம்பாளின் பெருமையையோ திருவிழாவின் சிறப்பையோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை எழுதத் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர். நான் எழுத எடுத்துக்கொண்டது நாயைப் பற்றி. ஆலய மலரில் நாயா என்று அடியார்கள் முகம் சுளிக்க வேண்டாம். வைரவப் பெருமானின் வாகனம் அது. மணிவாசகப் பெருமான் தம்மைத் தாழ்த்திப் பாடும் இடங்களில் அடிக்கடி எடுத்துக்கொண்ட உவமையும் அதுவே.

சென்ற ஆண்டு திருவிழாவுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், ஆலயத்தின் பின்வாசலில் ஓர் உரச்சாக்கு கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு கிழட்டு நாய். உடம்பெல்லாம் சொறி, ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. சாக்கின் வாயைச் சற்றுத் தளர்த்தியே கட்டியிருந்தார்கள், மூச்சு விடட்டும் என்று. கட்டியவர் நெஞ்சில் ஈரம் இல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். “சாமி பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார். குட்டிகளையும் நோயாளி நாய்களையும் கோயில் வாசலிலும் விகாரை வாசலிலும் விட்டுச் செல்வது நம் பக்கத்தில் புதிதன்று.

கேள்வி இதுதான். நோயுற்ற ஒரு பிராணியை நம்மால் வைத்திருக்க முடியாமற் போனால் அதை வேறொருவர் கையில் கொடுப்பது தர்மமா, அதர்மமா? கோயில் வாசலில் விடுவது கொடுப்பதாகுமா?

பாரதக் கதை நாம் அறிந்ததே. பதினெட்டுப் பருவங்களில் பதினேழாவதான மகாபிரஸ்தானிக பருவத்தில் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் வடக்கு நோக்கி நடக்கிறார்கள். ஒரு நாய் பின்தொடர்கிறது. ஒவ்வொருவராக விழுந்து மடிய, தருமரும் நாயுமே மிஞ்சுகிறார்கள். இந்திரன் தேர் கொண்டுவந்து, சுவர்க்கத்தில் நாய்க்கு இடமில்லை, அதை விட்டுவிட்டு ஏறு என்கிறான். தருமர் மறுக்கிறார். தம்பியரையும் மனைவியையும் விட்டுவிட்டு வந்தவனுக்கு ஒரு நாயை விட முடியாதா என்று இந்திரன் மடக்குகிறான். அதற்குத் தருமர் சொல்லும் மறுமொழியை நம் கதாப்பிரசங்கங்களில் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அவர்கள் இறந்துவிட்டார்கள், இறந்தவரை என்னால் மீட்க முடியாது, உயிரோடு இருந்தவரை நான் எவரையும் விடவில்லை; இந்த நாயோ உயிரோடு என்னை நம்பி வந்திருக்கிறது என்கிறார் அவர். அதன் பிறகுதான் நாய் தருமதேவதையாகத் தன் உருவைக் காட்டுகிறது.

இங்கே எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். அந்த மலையடிவாரத்தில் நல்ல மனிதர் ஒருவர் குடியிருந்து, “இந்த நாயை நான் வளர்க்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்று கேட்டிருந்தால் தருமர் கொடுத்திருப்பாரா? கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் காத்தது அடைக்கலத்தை. என் நாய் என்ற உரிமையை அவர் எங்கும் பேசவில்லை. அடைக்கலம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறலாம். இடையில் அது அறுந்துபோகக் கூடாது. அவ்வாறு அறுத்தவன் நான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆசிரியராக இருந்தேன். வீட்டில் மணி என்றொரு நாய். நான்கு வயதில் அதற்கு வலிப்பு வந்தது. மிருக வைத்தியர் காலையும் மாலையும் கொடுக்குமாறு மாத்திரை தந்தார். ஒரு நாளும் தவறக்கூடாது என்றும் சொன்னார். ஒழுங்காகக் கொடுத்தோம், வலிப்பு அடங்கியது. பின்னர் எனக்கு இடமாற்றம் வந்தது. பட்டணத்தில் கிடைத்த வாடகை வீட்டில் நாய்க்கு அனுமதியில்லை. ஹாலி எல பக்கத்தில் மரக்கறித் தோட்டம் செய்யும் சிங்களப் பெரியவர் ஒருவர் காவலுக்கு நாய் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவரிடம் மணியைக் கொடுத்தேன். நல்ல நாய், கெட்டிக்கார நாய் என்று சொன்னேன். வலிப்பைச் சொல்லவில்லை. சொன்னால் வாங்கமாட்டார் என்ற பயம். மாத்திரைச் சரை என் சட்டைப் பையிலேயே இருந்தது.

மூன்று கிழமை கழித்துப் பார்க்கப் போனேன். மணி இல்லை. கொடுத்த நான்காம் நாளே வலிப்பு வந்து, விட்டு விட்டு இரவு முழுவதும் இழுத்திருக்கிறது. வாயில் நுரையைக் கண்டவர்கள் விசர் என்று நினைத்துவிட்டார்கள். வீட்டில் சிறுபிள்ளைகள். அயலவர்கள் கூடி அடித்துக் கொன்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1973ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். அந்தப் பயம் கிராமங்களில் அவ்வளவு எளிதில் போய்விடுமா? வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாக வலிப்பு வரும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. “சேர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாத்திரையைக் கொடுத்திருப்பேனே” என்று சிங்களத்தில் சொன்னார். தேநீரும் தந்தார். குடித்தேன்.

அன்று நான் செய்தது ஒப்படைத்தலைப் போலத் தோற்றமளித்த கைவிடுதல். சாக்கில் கட்டிக் கோயிலில் விட்டவருக்கும் எனக்கும் பெரிய வேறுபாடில்லை. அவர் தெய்வத்தின் மேல் பாரத்தைப் போட்டார், நான் ஒரு மனிதர் மேல் போட்டேன், அவ்வளவுதான்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் வாழும் லயத்திலே, பெயருக்குக் கொழுந்து பறித்துக் கிடைக்கும் சம்பளத்தில் நாய்க்கு மருந்து எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தச் சொறி மனிதருக்கும் தொற்றிக் கடியுண்டாக்கும், பிள்ளைகள் உள்ள வீட்டில் அஞ்சத்தான் வேண்டும். வைத்திருந்தே தீர வேண்டும் என்று நான் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சொறிக்குப் பழைய என்ஜின் ஒயிலைப் பூசுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நாய் அதை நக்கி நஞ்சேறிச் சாகும். மிருக வைத்தியரிடம் காட்டினால் பெரும்பாலும் சில கிழமைகளில் குணமாகிவிடுகிற நோய் அது.

1927 நவம்பரில் இலங்கை வந்து பதுளையிலும் பேசிச் சென்ற மகாத்மா காந்தி, அதற்கு முந்திய ஆண்டு அகமதாபாத்தில் எழுந்த ஒரு நாய்ப் பிரச்சினை பற்றித் தமது பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். தெருநாய்க்கு ஒரு பிடி சோறு எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வதை அவர் கடுமையாகக் கண்டித்தார். கருணை உண்டானால் ஒரு நாயைப் பொறுப்பெடுத்து வளர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. அன்று கடிநாய்களைக் கொல்வதையும் அவர் ஆதரித்தார், அதில் எனக்கு உடன்பாடில்லை. இலங்கையில் 2006இல் தெருநாய்களைக் கொல்வது கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் என்ற வழி ஏற்கப்பட்டது. இதுவே நமக்கு ஏற்ற வழி. ஆயினும் பொறுப்பில்லாத இரக்கம் பற்றி அவர் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

இனி, சாக்கிலே வந்த அந்த நாயின் கதை. திருவிழா நேரம், சொறி நாய் வளவில் நிற்கலாகாது என்று இளைஞர்கள் சிலர் விரட்டப் பார்த்தார்கள். பூசகர் ஐயா தடுத்து, மடைப்பள்ளிக்குப் பின்னால் கட்டி வைக்கச் சொன்னார். தேர் முடிந்த மறுநாள் ஆட்டோவில் ஏற்றி அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டு மருந்தும் தந்தார்கள். சொறி மாறும், கண் திரும்பாது, வயது பத்துக்கு மேல் என்றார் வைத்தியர்.

பிறகு வீடு தேடினேன். ஆறு வீடுகளில் கேட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் கண்ணையும் சொறியையும் வயதையும், அதிக காலம் இருக்காது என்பதையும் முதலிலேயே சொன்னேன். ஐந்து வீட்டில் வேண்டாம் என்றார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் முதல் வீட்டிலேயே கொடுத்திருக்கலாம். ஆறாவதாகக் கேட்டது கொழுந்து மடுவத்துக் காவற்காரரிடம். மனைவியை இழந்து தனியாக இருப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கும் ஒரு கண்ணுதானே வாத்தியாரையா நல்லா தெரியுது, வுட்டுட்டுப் போங்க” என்றார். மருந்துச் செலவு என்னுடையது, முடியாமற்போனால் திருப்பி என்னிடம் தரவேண்டும், வெளியில் விடக்கூடாது என்று பேசிக்கொண்டோம்.

கிழமைக்கு ஒருமுறை போகிறேன். முதுகில் மயிர் முளைத்துவிட்டது. நான் போனால் எழும்புவதில்லை, அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எழும்புகிறது. கடந்த மாதம் பின்னங்கால் ஒன்று வலிக்கிறது போல நொண்டியது. வருகிற புதன்கிழமை மறுபடியும் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும், ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.