கூட நிற்கும் பணம்

எந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறது என்று கேட்காத பெற்றோர் இப்போது அரிது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் அந்தக் கேள்வியில் பதற்றமும் சேர்ந்துகொண்டது. பத்து வருடம் கழித்து எது நிற்கும், எது போகும் என்று யாராவது உறுதியாகச் சொல்லிவிட்டால் போதும். பிள்ளையின் படிப்பையும் வீட்டின் கையிருப்பையும் அதிலேயே போட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். தொழில்நுட்ப முதலீட்டாளர்களின் பேட்டிகளை அவ்வளவு ஆவலாகப் படிப்பதும் இதற்காகத்தான். வரப்போவதைப் பார்க்கும் கண் அவர்களுக்கு இருக்கிறது என்று நம்புகிறோம்.

அந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜார்ஜ் டோரியோவின் கதையைப் படித்தபின் எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. அதைவிடப் பயனுள்ள வேறொன்று கிடைத்தது.

டோரியோ 1899-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பெஜோ கார் நிறுவனத்தின் ஆரம்பகாலப் பொறியாளர்களில் ஒருவர். 1921-ல் அமெரிக்கா போன மகன், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஆசிரியராகி 1966 வரை பாடம் நடத்தினார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தின் தளவாடப் பிரிவில் பணியாற்றி பிரிகேடியர் ஜெனரல் ஆனார். சிப்பாய்களின் காலணி, குளிர் தாங்கும் உடை, உணவுப் பொட்டலம் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு பொருள் நல்லதா இல்லையா என்பதை அதைப் போட்டுக்கொண்டு நடப்பவனிடம்தான் கேட்க வேண்டும் என்ற பழக்கம் அங்கே ஊறியிருக்க வேண்டும்.

போர் முடிந்தபோது எம்.ஐ.டி. போன்ற இடங்களின் ஆய்வுக்கூடங்களில் புதுக் கண்டுபிடிப்புகள் நிறைய இருந்தன. அவற்றை எடுத்துத் தொழில் தொடங்கப் பணம்தான் இல்லை. வங்கி அடமானம் கேட்கும். ராக்ஃபெல்லர், விட்னி போன்ற பெரும் பணக்காரக் குடும்பங்களின் தயவு எல்லாருக்கும் கிடைக்காது. 1946-ல் எம்.ஐ.டி. தலைவர் கார்ல் காம்ப்டன், பாஸ்டன் மத்திய வங்கித் தலைவராக இருந்த ரால்ஃப் ஃபிளாண்டர்ஸ், டோரியோ ஆகியோர் சேர்ந்து அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மெண்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 50 லட்சம் டாலர் திரட்ட நினைத்தார்கள். வந்தது சுமார் 35 லட்சம்.

அவர்கள் முதலில் பணம் போட்டவற்றில் ஒன்று ஹை வோல்டேஜ் இன்ஜினியரிங். புற்றுநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை தர உதவும் உயர் அழுத்த மின்கருவிகளைச் செய்த நிறுவனம் அது. லாபம் வருமா என்பதில் காம்ப்டனுக்கே சந்தேகம். ஆனால் செய்ய வேண்டிய வேலை இது என்று நினைத்தார்கள். பிறகு அது லாபமும் தந்தது.

நான் சொல்ல வந்தது 1957-ல் நடந்ததை. எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்ற இரண்டு பொறியாளர்கள், சின்னக் கணினிகள் செய்ய வேண்டும் என்று பணம் கேட்டு வந்தார்கள். பெரிய நிறுவனங்களே கணினியில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த நேரம். இயக்குநர்கள் முன்னால் போய் நிற்கும்போது கணினி என்ற சொல்லையே எடுக்காதீர்கள் என்று டோரியோவின் அலுவலகத்தார் அறிவுரை சொன்னதாக ஓல்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இருவரும் அதைத் தவிர்த்தார்கள். மின்னணுச் சோதனைக்கூடங்களுக்கான சுற்றுப்பலகைகளை முதலில் விற்போம், மற்றது பிறகு என்றார்கள். 70,000 டாலர் கிடைத்தது. பதிலுக்கு 70 சதவீதப் பங்கு முதலீட்டு நிறுவனத்துக்கு.

டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் பிறந்தது அப்படித்தான். மேனார்ட் என்ற ஊரில் ஒரு பழைய கம்பளி ஆலையில் கொஞ்சம் இடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். இருந்தவர்கள் ஓல்சன், ஆண்டர்சன், ஓல்சனின் தம்பி, மூன்றே பேர். முதல் வருடக் கணக்கிலேயே லாபம் காட்டியபோது டோரியோ முகம் மலரவில்லையாம். இவ்வளவு சீக்கிரம் ஜெயித்தவர்கள் யாரும் பிழைத்ததில்லை என்று கவலைப்பட்டாராம். அடுத்த சில வருடங்களில் பிடிபி-1 என்ற கணினி வந்தது. பெரிய கணினிகள் பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்ற காலத்தில் அதன் விலை 1,20,000 டாலர். ஆய்வாளர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து தன் கையால் இயக்கக்கூடிய கணினி. யூனிக்ஸ் இயங்குதளம் பிற்பாடு இதே வரிசையில் வந்த பிடிபி-7 மேல்தான் எழுதப்பட்டது. 1966-ல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. சில வருடங்களில் அந்த 70,000 டாலரின் மதிப்பு 35 கோடி டாலரைத் தாண்டியது.

இதைத் தீர்க்கதரிசனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணினி யுகத்தின் மிகப்பெரிய முதலீட்டு வெற்றிகளில் ஒன்று, கணினி என்ற பேச்சையே எடுக்காதே என்று சொன்ன அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறது. கணினிக்கு எதிர்காலம் உண்டா என்று அவர்களைக் கேட்டிருந்தால் தயங்கியிருப்பார்கள். ஓல்சனைப் பற்றிக் கேட்டிருந்தால் தயங்கியிருக்க மாட்டார்கள். சுமாரான யோசனையோடு வரும் முதல்தர ஆளுக்குப் பணம் கொடுப்பேன், பிரமாதமான யோசனையோடு வரும் இரண்டாந்தர ஆளுக்குக் கொடுக்க மாட்டேன் என்பது டோரியோவின் அறியப்பட்ட கொள்கை. யோசனைகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றை இழுத்துக்கொண்டு போகிற ஆட்கள்தான் குறைவு என்று அவர் கருதினார்.

ஆளைத் தேர்ந்த பிறகு அவர் பொறுத்திருந்தார். பணம் போட்ட நிறுவனங்களைப் பிள்ளைகள் என்றே பேசுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியம் பார்ப்போமே தவிர, விற்றுவிடலாமா என்று யோசிக்க மாட்டோம். 1957-க்கும் 1966-க்கும் நடுவில் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் கூட நின்றதுதான் அவர் செய்த முதலீடு என்று எனக்குப் படுகிறது. பணம் அதில் ஒரு பகுதி.

பொறுமை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று சொல்ல வரவில்லை. டிஜிட்டலை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், கால் நூற்றாண்டில் டோரியோவின் நிறுவனம் ஈட்டிய ஆண்டு வருவாய் விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மற்றவற்றில் பல சுமாராகப் போயின, சில மூழ்கின. கூட நின்றவர்களையும் அவர் நிறுவனம் சரியாக நடத்தவில்லை. அங்கே வேலை பார்த்த ஒருவர் ஒரு நிறுவனத்தை வளர்த்துவிடப் பாடுபட்டார். அந்த நிறுவனத்தின் தலைவர் கோடீஸ்வரரானார். இவருக்குக் கிடைத்தது 2,000 டாலர் சம்பள உயர்வு. பொதுமக்களிடம் பங்கு விற்ற நிறுவனம் என்பதால் அரசின் விதிகள் கையைக் கட்டிப்போட்டது ஒரு காரணம். திறமையானவர்கள் வெளியேறி கிரேலாக் போன்ற கூட்டாண்மை முதலீட்டு நிறுவனங்களுக்குப் போனார்கள். 1972-ல் டோரியோவின் நிறுவனம் டெக்ஸ்ட்ரான் என்ற நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. உழைத்தவனுக்குப் பங்கு கொடுக்காமல் விசுவாசத்தை மட்டும் எதிர்பார்த்தால் எந்த லட்சியமும் நீடிக்காது.

இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. எங்கோ ஒருவர் உங்கள் பொருளைப் பழசாக்கப்போகும் பொருளைச் செய்துகொண்டிருக்கிறார் என்று டோரியோ மாணவர்களிடம் சொல்லிவந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கும் அளவுக்கு வளர்ந்த டிஜிட்டலுக்கே அது நடந்தது. மேசைமேல் வைக்கும் தனிநபர் கணினிகள் வந்து சந்தையை எடுத்துக்கொண்டன. 1992-ல் ஓல்சன் விலக வேண்டியதாயிற்று. 1998-ல் அந்த நிறுவனத்தை வாங்கியது காம்பாக். தனிநபர் கணினி விற்று வளர்ந்த நிறுவனம். 1987-லேயே காலமாகிவிட்ட டோரியோ இதைப் பார்க்கவில்லை. ஆகவே எந்தத் துறை நிலைக்கும் என்ற கேள்விக்கு அவர் கதையில் பதில் இல்லை. எதுவும் நிலைக்காது. நிலைக்காத ஒன்றை நாற்பது வருடம் பலருக்குப் பயன்படும்படி நடத்தலாம் என்பதற்குத்தான் அதில் சான்று இருக்கிறது.

இதையெல்லாம் என் வீட்டு விஷயத்தோடு சேர்த்துத்தான் யோசித்தேன். தங்கை மகன் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு, தூத்துக்குடிப் பக்கம் நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகுகளுக்காக ஐஸ் சீக்கிரம் உருகாத பெட்டி செய்கிறேன் என்று இறங்கினான். இதெல்லாம் ஓடுமா, எத்தனை பெட்டி விற்கும், பெரிய கம்பெனிக்காரன் வந்தால் என்ன செய்வாய் என்று வீட்டில் ஆளுக்கொரு கேள்வி. எந்தக் கேள்விக்கும் அவனிடம் உருப்படியான பதில் இல்லை. என்னிடம் மட்டும் இருந்ததா என்ன?

அவன் செய்த பெட்டியைக் காட்டச் சொன்னேன். மூடியில் கீல் இல்லை. தடித்த நைலான் கயிறு கோத்திருந்தது. "இரும்புக் கீலு உப்புக்காத்துல நிக்கல மாமா. ஸ்டீல்ல போட்டா வெலை ஏறுது. கயிறு அறுந்தா அவங்களே கடல்ல மாத்திக்கிடுவாங்க" என்றான். விடியற்காலையில் படகு கரை சேரும் நேரத்துக்குப் போய், பெட்டியின் அடியில் கிடக்கும் மீனை எடுத்து செவுளைப் பிரித்து நிறம் பார்ப்பானாம். சிவப்பு மாறாமல் இருந்தால் பெட்டி வேலை செய்திருக்கிறது. படகுக்காரர்கள் திட்டியதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தான். புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு திட்டுக்குப் பக்கத்திலும் என்ன மாற்றினான் என்று இருந்தது.

பெட்டி விற்குமா என்பது அப்போதும் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பையன் இந்தப் பெட்டியில் தோற்றாலும் அடுத்ததைச் செய்வான் என்பது தெரிந்தது. என்னால் முடிந்த பணத்தைக் கொடுத்தேன். எப்போது திரும்ப வரும் என்று கேட்பதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். போன வாரம் யார் என்ன திட்டினார்கள் என்று மட்டும் கேட்கிறேன். இழந்தால் வீடு ஆட்டம் காணும் பணத்தை இதில் யாரும் போடக்கூடாது; நானும் போடவில்லை. ஆனால் பணத்தைவிட அதிகம் தேவைப்படுவது, இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் அவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஓர் ஆள். அதைக் கொடுக்கப் பெரிய மூலதனம் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு எந்த வேலையை விழுங்கும், எதை விட்டுவைக்கும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கேட்டுக்கொள்வோம், தப்பில்லை. ஆனால் அந்தக் கணிப்பை நம்பி ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து அவனுக்கு ஒட்டாத பாதையில் இழுப்பது வேறு விஷயம். நம் வீட்டிலும் தெருவிலும் யார் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சரிபண்ணிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பார்ப்பது நம்மால் முடிந்த காரியம். அப்படி ஒருவரைக் கண்டுவிட்டால் கொஞ்சம் பணமும் நிறையக் காலமும் கொடுப்போம். அவர் ஜெயித்தால் உழைப்பில் சேர்ந்த எல்லாருக்கும் பங்கு போகிறதா என்று கேட்போம். தோற்றால், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிற முதல் ஆளாக இருப்போம்.