ஷிஃராவின் ரப்பு



அந்நஜ்ம் சூராவின் 49-வது வசனத்தில் அல்லாஹ் ஒரு நட்சத்திரத்தைப் பெயர் சொல்லி, அதற்கும் தானே ரப்பு என்கிறான். அதுதான் ஷிஃரா. குஸாஆ கோத்திரத்தார் அதை வணங்கி வந்ததாக தஃப்ஸீர் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். இரவு வானில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது. தை மாதத்தில் இஷா தொழுதுவிட்டு வெளியே வந்து தென்கிழக்கே பாருங்கள். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களின் கோட்டைக் கீழே நீட்டினால் வெள்ளையாக மின்னும். ஆங்கிலத்தில் சிரியஸ் என்பார்கள்.

இதன் எடை சூரியனைப் போல் இரண்டு மடங்கு. வெளிச்சமோ சுமார் 25 மடங்கு. எடை கூடினால் நடுப்பகுதியில் அழுத்தமும் சூடும் கூடும். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் வேகமாகத் தீரும். இரண்டு மடங்கு வரவு, 25 மடங்கு செலவு! சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள் என்றால், ஷிஃராவுக்கு 100 கோடி அளவுதான். நமக்கு மிக அருகில் உள்ள பிராக்ஸிமா என்ற நட்சத்திரம் சூரியனில் எட்டில் ஒரு பங்கு எடை. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அது சில லட்சம் கோடி ஆண்டுகள் எரியும்.

ஷிஃராவுக்கு ஒரு ஜோடி உண்டு. அதன் தள்ளாட்டத்தை வைத்தே, பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று 1844-ல் ஜெர்மானிய அறிஞர் பெஸ்ஸல் சொன்னார். 1862-ல் அமெரிக்காவில் தொலைநோக்கியில் கண்டார்கள். ஒரு காலத்தில் அதுதான் பெரியது, சூரியனைப் போல் சுமார் ஐந்து மடங்கு. அதனாலேயே முதலில் தீர்ந்துபோய், இன்று பூமி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. குஸாஆவினர் வணங்கிய நட்சத்திரத்தின் முடிவு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவர்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

தன் எடையைத் தானே முடிவு செய்யாத, தன் ஆயுளில் ஒரு நாளைக்கூட கூட்டிக்கொள்ள முடியாத படைப்பு அது. நம் மஹல்லாவிலும் பெண்ணுக்கு நிகாஹ் பேசி முடித்துவிட்டு, மறைவாகப் போய் நட்சத்திரம் பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அந்தத் துக்கத்திலும் நபியவர்கள் எழுந்து, யாருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை என்று மறுத்தார்கள். தம் பிள்ளையின் மௌத்துக்கே வானத்தைச் சம்பந்தப்படுத்த விடாதவர்களின் உம்மத் நாம்!

நிகாஹுக்குத் தேதி குறிக்க வருகிறவர்கள், மண்டபம் என்றைக்குக் காலி என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.