குண்டு விழும் தூரமா நீதி?

தேவனாம்பட்டினத்துக் கடலோரம், கெடிலம் ஆற்றின் அருகே, செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் அதனை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டைக்கு எல்லை எது? பீரங்கியைச் சுடுவது, குண்டு போய் விழும் இடம் வரை கம்பெனிக்குச் சொந்தம்! இதுதான் விலைப்பேச்சு. சுட்டார்கள். அவ்வெல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரே வந்தது. உழுதவனைக் கேட்டார்களா? ஓடம் விட்டவனைக் கேட்டார்களா? இல்லை. குண்டு எட்டிய தூரம் உரிமையும் எட்டியது. கருவியே சட்டமாயிற்று!

பீரங்கி போயிற்று, கம்பெனியும் போயிற்று. அந்த நியாயம் போயிற்றா, தோழர்களே?

கடலோரத் தேநீர்க் கடையில் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும். "கடல் பொது, வல்லவன் வலை வீசட்டும், அரசுக்கு அங்கே என்ன வேலை?" என்பார் ஒருவர். "இயந்திரம் வந்தது, எல்லாம் பாழ்" என்பார் இன்னொருவர். "ஒரு சட்டம் போட்டால் தீர்ந்தது" என்பார் மூன்றாமவர். மூவரும் உறுதியாகவே பேசுவர். தம் கருத்தைச் சோதித்துப் பார்க்க எண்ணியவர் மட்டும் அங்கு எவருமில்லை.

வழக்கின் நடுவே நிற்பது சுருக்குமடி வலை. நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையை எண்ணிக்கொள்ளுங்கள். மீன் கூட்டத்தைச் சுற்றிலும் வலையை வளைத்து, அடிக்கயிற்றை இழுத்தால், பையின் வாய் மூடுவதுபோல் அடி மூடிக்கொள்ளும்; கூட்டம் முழுவதும் உள்ளே! 2000ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இதற்குத் தடை விதித்தது. வழக்குகள் எழுந்தன, போராட்டங்கள் எழுந்தன. 2023 ஜனவரி 24 அன்று உச்சநீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது: 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை இவ்வலையைப் பயன்படுத்தலாம் என்று.

இதுபற்றி நானும் ஒரு காலத்தில் உறுதியாகவே பேசியவன். படிப்பகத்தில் ஒரு மாலை, இயந்திரமே முன்னேற்றம் என்று முழங்கிக்கொண்டிருந்தேன். கட்டுமரத்தில் காலங்கழித்த முதியவர் ஒருவர் எழுந்தார். "வாத்தியாரே, கடலம்மா பொறுக்கமாட்டா. குஞ்சையும் சேர்த்து அள்ளுறாங்க" என்றார். நான் சிரித்தேன். "கடலுக்குக் கோபம் வருமா, பெரியவரே?" என்று கேட்டேன். இளைஞர்கள் கை தட்டினர். அவர் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்துவிட்டார்.

அந்தக் கைதட்டல் இன்றும் என்னை உறுத்துகிறது. கடலம்மா என்பது கற்பனை. குஞ்சு குறைகிறது என்பது ஐம்பதாண்டுக் கண்கண்ட சேதி. கற்பனையை மறுத்த மிடுக்கில் சேதியையும் சேர்த்தே எறிந்துவிட்டேன். அது மட்டுமா? 'புதிய கருவி என்றாலே நன்மை' என்று ஆராயாமல் நம்பினேனே, அது மட்டும் பகுத்தறிவா? அவர் கடலைக் கும்பிட்டார். நான் இயந்திரத்தைக் கும்பிட்டேன். வேறுபாடு அவ்வளவுதான்!

இயந்திரத்தை வெறுக்கச் சொல்லவில்லை. வருங்கால விஞ்ஞானத்தை வரவேற்று 'இனிவரும் உலகம்' கண்ட பெரியாரின் வழிவந்தவர்கள் நாம். ஆயின் அவர் வரவேற்ற இயந்திரம் மனிதனின் பாட்டைக் குறைத்து, பயனை எல்லோருக்கும் பகிர்ந்தளிப்பது; ஒருவன் கையில் கிடந்து மற்றவன் வயிற்றில் அடிப்பதன்று.

'கடல் பொது' என்ற வாதத்தைப் பாருங்கள். துடுப்பும் பாயும் இருந்த காலத்தில் அது உண்மையே. எவ்வளவு பேராசைக்காரனாயினும் அவன் தோள்வலியும் காற்றும் விட்ட அளவுதான் பிடிக்க முடியும். எல்லையை இயற்கை இட்டது. இன்று விசைப்பொறி அந்த எல்லையை உடைத்துவிட்டது. இயற்கை இட்ட எல்லை உடைந்த இடத்தில் மனிதன்தான் எல்லை இட வேண்டும். இல்லையேல் 'பொது' என்ற சொல்லுக்கு 'நீண்ட வலைக்காரனுக்கு' என்பதே பொருளாகும். குண்டு விழும் தூரம்தான் நீதியாகும்!

ஆகவே ஒழுங்குமுறை வேண்டும். அதனால் அரசு செய்வதெல்லாம் நியாயமாகிவிடுமா? ஆகாது. விசைப்படகுக்கு மானியம் தந்து, மேலும் பிடி, மேலும் பிடி என்று ஊக்கியது அரசுதானே? பிறகு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, கரையை ஒட்டிய 3 கடல் மைல் பரப்பை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியதும் அதுவே. அந்த எல்லை தாண்டப்படுகிறது என்ற முறையீடு இன்றும் ஓயவில்லை. சுருக்குமடிக்காரர் கேட்கிறார்: "எங்கள் வலை மேல்மட்டத்துக் கூட்டத்தை வளைக்கிறது, இழுவை மடியோ கடலடியையே சுரண்டுகிறது. அதற்கு அனுமதி, இதற்குத் தடையா?" கேள்வி நேர்மையானது. கடன்பட்டு வலை வாங்கியவனிடம், "தடை, போ" என்பது மட்டும் விடையாகாது. நாட்டுப்படகுக்காரரும் கேட்கிறார்: "ஒரே நாளில் மலைபோல் மீன் வந்து குவிந்தால், என் கூடை மீனுக்கு விலை ஏது?" இதுவும் நேர்மையான கேள்வியே.

இரண்டுக்கும் விடை காணும் வழி ஒன்றே: கணக்கு. எந்த வலையில் எவ்வளவு மீன், அதில் குஞ்சு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு வருவாய் என்பதை அளந்து, மீனவர் படிக்கும் தமிழில், மீன் இறங்கும் தளத்திலேயே எழுதி வைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன; அதனால் விளைந்த பயன் என்னவென்று அவர்களுக்கே காட்ட வேண்டாமா? காரணம் காட்டாத சட்டம், புரோகிதனின் மந்திரத்துக்கு ஒப்பானது.

இன்னொன்று. வலை பற்றி முடிவெடுக்கும் ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் அமர்கின்றனர். மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் தாய்மாருக்கு அங்கே இடமில்லை. விலை வீழ்ந்தால் முதலில் அறிபவர் அவர். வீட்டில் உலை ஏறாவிட்டால் விடை சொல்ல வேண்டியவரும் அவரே. பழைய ஊர்க்கட்டுப்பாடு போதும், அரசு எதற்கு என்போர் இதற்கு என்ன சொல்வர்?

என் வகுப்பில் சுருக்குமடிக்காரர் மகனும் கட்டுமரக்காரர் மகனும் ஒரே பலகையில் அமர்கின்றனர். வலையின் பெயரால் கரையில் பகை மூளும் நாள்களில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவர்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியது எந்தக் கட்சி சரி என்பதையன்று. "இது என் வீட்டு வலையாக இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வேனா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் துணிவைத்தான்.

அந்தப் பெரியவரிடம் பிறகொரு நாள் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். "கடலைப் பத்திப் பேசணும்னா உக்காருங்க, வாத்தியாரே" என்றார். அமர்ந்தேன். அன்று நான் பேசவில்லை, கேட்டேன்.