குறியும் கேட்பார் உள்ளமும்

வருவது அறிய விழையாதார் உலகத்து அரியர். ஆதலின் நிமித்திகரும் மாந்திரிகரும் வரலாற்றிலும் உளர், கதையிலும் உளர். அவர் சொல் பலிக்குமோ என ஆராய்வார் ஆராய்க. கேட்டார்க்கு நிகழ்ந்தது யாதென்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

லிடிய நாட்டரசன் குரோசசு பாரசீகத்தின்மேற் படையெடுக்கக் கருதித் தெல்பியிற் குறி கேட்டான். போர் தொடுப்பின் ஒரு பேரரசு அழியும் என மறுமொழி வந்ததாக எரோதோத்தசு எழுதினார். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த அப்போரில் அழிந்தது அவன் அரசே. எவ்வரசு என அவன் மீட்டும் வினவாமை யாதுபற்றி? விடையை அவா முன்னரே எழுதிவைத்திருந்தமைபற்றி என்க.

செகப்பிரியரின் மாக்பெத்து நாடகத்துச் சூனியக்காரியர் அவன் அரசனாவான் என்றனர். கொலை செய்க என்றாரல்லர். சிலப்பதிகாரத்து நிமித்திகனும் அரசு இளையவனாகிய இளங்கோவுக்கே என்றான். அவரோ தமையன் செங்குட்டுவன் மனம் நோவாவண்ணம் துறவு பூண்டார். அரசுண்டென்னும் ஒரே சொல் ஒருவனைக் கொலைஞனாக்கிற்று, ஒருவரைத் துறவியாக்கிற்று. ஆகலின் அதன் பயன் கேட்கும் உயிரின் பக்குவத்தைப் பற்றியதாம்.

திருமறைக்காட்டிலே கோள்நிலை தீதென நாவுக்கரசர் தடுத்தபோது, திருஞானசம்பந்தர் கோள்நூலைப் பழித்திலர். கோளறு திருப்பதிகம் ஓதி மதுரைக்கு எழுந்தருளினார். இறைவன் குடிகொண்ட உள்ளத்தே அவாவும் அச்சமும் இல்லை; குறி நுழைதற்கு வாயிலும் இல்லை.

மடங்களை நாடி வருவாருள்ளும் ஞானம் வினவாது நாளையே வினவுவார் உளர். அவர்க்கு நாளைக் கணித்துரைத்தல் எளிது. அவரை வினவச்செய்யும் அவாவை அவர்க்கே காட்டுதலன்றோ ஆசிரியர் கடன்!