வேலையை வாசற்படியில் இறக்கி வையுங்கள்



மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். மேலதிகாரி சொன்ன கடுஞ்சொல் இன்னும் அவன் காதில் ஒலிக்கிறது. சின்ன மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். "போ அந்தப் பக்கம்!" என்று ஓர் அதட்டல். குழந்தை செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. அதிகாரியிடம் காட்ட முடியாத கோபம் அவள்மேல் விழுகிறது. சாப்பிடும்போதும் செல்போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆள் வீட்டில், மனம் ஆபீசில். வேலைக்குப் போய்வந்து அடுப்படியில் நிற்கும் தாய்மாரின் பாடும் இதுவே.

இதை ஊருக்குச் சொல்லும் உபதேசம் என்று எண்ண வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் வேறொரு பங்கில் கோவில் கட்டட வேலை நடந்தபோது, என் தாயார் ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்தார்கள். சிமெண்டுக் கணக்கும் கூலிக் கணக்கும் என்முன் விரிந்து கிடந்தன. அவர்கள் கொண்டுவந்த முறுக்கைத் தின்றேன், அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மாலை பஸ்சுக்குப் புறப்படும்போது, "சாமிக்கு வேலை அதிகம், இன்னொரு நாள் வருகிறேன்" என்று சொல்லிப் போனார்கள். அந்தக் கணக்கு மறுநாளும் முடியவில்லை. அந்த வார்த்தை இன்றும் என்னைக் குத்துகிறது.

வேலை பாவமல்ல. 1955-ம் வருஷம் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் மே மாதம் 1-ந் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்தத் தச்சரைப் பாருங்கள். அவர் பேசிய ஒரு வார்த்தைகூடச் சுவிசேஷத்தில் இல்லை. ஆனால் சர்வேசுரன் நான்கு முறை அவருக்குக் கனவில் வழிகாட்டினார் என்று அர்ச். மத்தேயு எழுதுகிறார். ஏரோதின் வாளுக்குத் திருக்குழந்தை தப்பியது அப்படியே. பகலெல்லாம் உழைத்தவர் இரவில் பட்டறைக் கவலையைத் தேவன் கையில் விட்டுத் தூங்கினார் என்று தியானிப்போம்.

வேலை முழுவதும் முடிந்த பிறகே ஓய்வு என்றால், ஓய்வே கிடையாது. எகிப்தில் அடிமைகளாயிருந்து மீட்கப்பட்ட ஜனத்துக்கே ஓய்வுநாள் கட்டளை கொடுக்கப்பட்டது. ஓய்வில்லாதவன் அடிமை. நாமோ பிள்ளைகள். உடலும் இதற்குச் சாட்சி சொல்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021-ல் அறிவித்தன.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று சிலுவை அடையாளம் வரையுங்கள். அன்றைய வேலையை, முடிந்ததும் முடியாததுமாக, ஆண்டவரிடம் ஒப்புவித்துவிட்டு உள்ளே போங்கள்.

இரண்டாவது, செல்போனைத் திருக்குடும்பப் படத்தின் கீழே வையுங்கள். சாப்பாடும் செபமாலையும் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.

மூன்றாவது, மனதிலுள்ள பாரத்தை மறைக்கவும் வேண்டாம். பிள்ளைகள் படுத்தபின் கணவனும் மனைவியும் பத்து நிமிஷம் பேசுங்கள். கஷ்டத்தைச் சொல்லுவது வேறு, கஷ்டத்தை வீட்டார்மேல் கொட்டுவது வேறு.

ஆஸ்பத்திரியிலும் ரயிலிலும் இராவேலை பார்ப்பவர்களுக்கு இந்த நேரங்கள் ஒத்துவரா. கிடைக்கும் ஒரு மணி நேரத்தையாவது முழுமையாக வீட்டாருக்குக் கொடுங்கள்.

பிறரிடம் வேலை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் அனுப்பும் ஒரு வரி இன்னொரு வீட்டின் சாப்பாட்டைக் கெடுக்கிறது. உழைப்பவனின் சக்திக்கு மேல் வேலை வாங்கலாகாது, அவனுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-லேயே தமது நிருபத்தில் போதித்தார்.

பிரியமானவர்களே, இன்று மாலையே தொடங்குங்கள். உங்கள் மகள் மறுபடியும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். உட்கார்ந்து பாருங்கள். நானும் இந்த வாரம் ஊருக்குப் போய் என் தாயாரோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன்.

சேசு மரி சூசை உங்கள் இல்லங்களைக் காப்பார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு