பேனாக் கத்தியும் அபரிக்கிரகமும்

ஒரு கருவி எந்தக் காரியத்துக்காக உண்டாயிற்றோ அந்தக் காரியத்தில் அதை ஒருபோதும் ஈடுபடுத்தாமல், அதன் இனத்தில் சிலவே உண்டு என்ற ஒரே காரணத்தால் அதைப் பெட்டியில் வைத்துக் காப்பது தகுமா என்ற கேள்வி, மேலுக்குச் சிறியதாகத் தோன்றினாலும், பற்று எங்கே பிறக்கிறது என்ற பழைய பெரிய விசாரத்தின் வாசலுக்கே நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தபால்தலை சேர்ப்பவர்களையும், பழைய நாணயம் சேர்ப்பவர்களையும், தலைமுறை தலைமுறையாகக் கொலுப்பொம்மை சேர்த்துவரும் குடும்பங்களையும் நாம் அறிவோம். அண்மைக் காலத்தில் மடக்குக் கத்தி சேர்ப்பவர்கள் சிலரும் இவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் பென்சில் சீவவும், மாம்பழம் நறுக்கவும், கட்டுக்கயிறு அறுக்கவும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்த அதே பேனாக் கத்திதான்; ஆனால் இவர்களுடைய கத்திகளில் பெரும்பாலானவை இதுவரை எதையும் அறுத்ததில்லை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் டைட்டஸ்வில் என்ற சிற்றூர் ஒன்றுண்டு. 1859இல் டிரேக் என்பவர் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்ததால் உலகம் அறிந்த ஊர் அது. அங்கே 2006இல் தொடங்கப்பட்ட கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி என்னும் தொழிற்சாலை, பழைய பாணி மடக்குக் கத்திகளைச் சிறு சிறு தொகுதிகளாகச் செய்கிறது. ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டால், எலும்புப் பிடியிட்டவை இத்தனை, மரப்பிடியிட்டவை இத்தனை என்று சில பத்துகளோ சில நூறுகளோ செய்து முடித்தபின், பட்டறையை அடுத்த மாதிரிக்குத் திருப்பிவிடுவார்கள். வில்லும் அலகும் தகடும் ஒன்றோடொன்று பொருந்துமாறு கையால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டிய வேலை இது என்பதால், இவ்வகைக் கத்தியின் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு அதன் செய்முறையே பாதிக் காரணம். வேறொரு வகையும் உண்டு. 1891 முதல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்துவரும் விக்டோரினாக்ஸ் நிறுவனம், ஆண்டுக்கொரு நிறமாக அலுமினியப் பிடிக் கத்திகளை அந்த ஓராண்டுக்கு மட்டும் என்று வெளியிடுகிறது. லட்சக்கணக்கில் செய்ய வல்ல இயந்திரம் ஓர் ஆணையால் நிறுத்தப்படும்போது பிறக்கும் அருமையும், கைத்திறனின் எல்லையால் தானே நேரும் அருமையும் ஒன்றல்ல. ஆயினும் விலை ஏறுவதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. வெளிவந்த சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்த கத்தி, மறுவிற்பனையில் இரு மடங்குக்கும் மும்மடங்குக்கும் போகிறது.

சேர்ப்பவர்களை லோபிகள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவதை நான் ஒப்பமாட்டேன். அடையாற்றில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள கத்தி ஒன்றை எனக்குக் காட்டியபோது, அதன் விலையைப் பற்றியோ அலகில் பொறித்த வரிசை எண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேசாமல், நகக்குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்து அலகை மெல்ல உயர்த்தினார். பாதி வழியில் ஒரு கணம் நின்று, பின்பு டக்கென்ற ஓசையோடு அது முழுதும் விரிந்தது. மூடியிருக்கையிலும், பாதி திறந்திருக்கையிலும், முழுதும் விரிந்திருக்கையிலும் முதுகிலுள்ள வில் பித்தளைத் தகட்டோடு இழைந்து, விரலால் தடவினால் மேடு பள்ளம் தட்டுப்படாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி, என் விரலைப் பிடித்து அவ்விடத்தில் வைத்தார். கடற்காற்றின் உப்பில் இந்தக் கார்பன் எஃகு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் மாதந்தோறும் எண்ணெய்த் துணியால் துடைக்கிறார். தோலுறையில் போட்டு மூடிவைத்தால் பித்தளைப் பூணில் பச்சை ஏறும் என்பதால் உறையைத் தனியே வைத்திருக்கிறார். இவ்வளவு கூர்ந்த கவனம் இக்காலத்தில் அரிது. கேஸ் என்ற பழைய கம்பெனி 1970இல் தன் கத்திகளின் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகளைப் பொறித்து, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தது. அந்தப் புள்ளிகளை எண்ணிக் கத்தியின் வயதைச் சொல்லும் கண்கள், அற்பமானதையும் அலட்சியம் செய்யாத பயிற்சி பெற்ற கண்களே அல்லவா? அன்பில்லாமல் இந்தக் கவனம் வராது. ஆனால் அன்பு எந்த இடத்தில் மயக்கமாக மாறுகிறது என்பதே நம் விசாரம்.

ஆச்சரியம் என்னவென்றால், ஒரு சிறு கத்தியையே உதாரணமாக வைத்து உபநிஷதம் பேசியிருக்கிறது. சாந்தோக்கியத்தில் உத்தாலகர், கல்விச் செருக்கோடு வீடு திரும்பிய தம் மகன் சுவேதகேதுவுக்கு ஏகத்தை உபதேசிக்கும்போது, முதலில் மண்ணாங்கட்டியையும், அடுத்துப் பொன்னையும், மூன்றாவதாக நகம் வெட்டும் இரும்புக் கருவி ஒன்றையும் எடுத்துக்காட்டுகிறார். அந்தக் கருவி ஒன்றை உள்ளபடி அறிந்தவன் இரும்பால் ஆன அனைத்தையும் அறிந்தவனாகிறான். வடிவ வேறுபாடு பெயரளவே, இரும்பு என்பதே உண்மை என்பது அவர் கருத்து. இதற்கு நேர் எதிராக, வைசேஷிக தரிசனம் ‘விசேஷம்’ என்பதைத் தனியொரு பதார்த்தமாகவே கொண்டு, எல்லா வகையிலும் ஒத்த இரண்டு பரமாணுக்களைக்கூட ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் தனித்தன்மை ஒவ்வொன்றிலும் உண்டு என்று சாதிக்கிறது. வரையறுத்த தொகுதியில் பிறந்த ஒரு கத்தியின் அலகில் நூற்றில் பதினேழாவது என்று பொறிக்கும் சிற்றுளி, வைசேஷிகர் நித்திய திரவியங்களுக்கே உரியதாக்கிய அந்தத் தனித்தன்மையை, துருப்பிடித்து அழியும் ஒரு பொருளுக்குக் காசு வாங்கிக்கொண்டு வழங்கப் பார்க்கிறது. பதினேழாவதுக்கும் பதினெட்டாவதுக்கும் எண்ணைத் தவிர வேற்றுமை ஏது? அந்த எண்ணுக்காக மனிதன் தூக்கம் இழக்கிறான் என்றால், உத்தாலகர் பெயரளவே என்று விலக்கியதைத்தான் அவன் விலை கொடுத்து வாங்கியிருக்கிறான்.

இப்படிப்பட்ட பற்றை அளக்கும் கோல் ஒன்றைத் தந்த சமயத்தைப் பற்றி, மயிலாப்பூரில் இன்று கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி வருபவர்களில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. முற்காலத்தில் இவ்வூரில் நேமிநாத தீர்த்தங்கரருக்கு ஆலயம் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டது அந்தப் பெருமானை நினைந்தே. கடல் ஊருக்குள் புகுந்தபோது அம்மூர்த்தியை மேல்சித்தாமூருக்கு எடுத்துச் சென்றார்கள் என்று சமணர் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்தச் சமயத்தார் ஐந்து மகாவிரதங்களில் ஒன்றாகப் போற்றுவது, உடைமை கொள்ளாமையாகிய அபரிக்கிரகம். உமாசுவாதி தம் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, இவ்வளவு பொருள் வைத்திருப்பது என்று அளவு கூறாமல், மூர்ச்சையே பரிக்கிரகம் என்றார். பொருளின் மேல் மனம் மயங்கி வீழ்வதே குற்றம். கையில் ஒன்றும் இல்லாதவனும் ‘எனது’ என்ற எண்ணத்தால் பரிக்கிரகம் உடையவனே என்று உரைகாரர்கள் விரித்தார்கள். இந்த அளவுகோல் மிகவும் நுட்பமானது. ஐம்பது கத்தி வைத்திருப்பவன் குற்றவாளி, ஒரு கத்தி வைத்திருப்பவன் நிரபராதி என்று எண்ணிச் சொல்ல இது இடம் கொடுக்காது. அலகில் ஒரு கீறல் விழுந்துவிடுமோ என்று அஞ்சி எலுமிச்சம்பழம் ஒன்றைக்கூட நறுக்க மனம் வராதவனிடத்தில், கத்தி ஒன்றே ஆனாலும், மூர்ச்சை முற்றியிருக்கிறது.

இந்த மயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு இரண்டு சாட்சிகளைத் தந்தது. அவ்வாண்டு மார்ச்சில் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, சட்டைப்பைக் கடிகாரம், கிண்ணம், தட்டு ஆகியவை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து பதினெட்டு லட்சம் டாலருக்குப் போயின. சில மாதங்களில், தண்டி யாத்திரையின் மைல் கணக்கு என்று சொல்லி, 241 பொன் பேனாக்களை அவர் பெயரால் மான்ட்பிளாங்க் நிறுவனம் வெளியிட்டது. ஒன்றின் விலை பதினொரு லட்சம் ரூபாய்க்கு மேல். கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்ததும், 2010இல் விற்பனை நிறுத்தப்பட்டது. தேசச் சின்னங்களையும் பெயர்களையும் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற 1950ஆம் ஆண்டுச் சட்டம்தான் அங்கே பேசப்பட்டதே அன்றி, அபரிக்கிரகத்தைத் தம் ஆசிரம விரதங்களில் ஒன்றாக வைத்தவர் பெயரை எண்ணிட்ட பொன்னில் பொறித்தது எத்தகைய செயல் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியது நாம். 1946இல் தியாகராய நகரில் இந்திப் பிரசார சபை வளாகத்தில் அவர் தங்கியிருந்தபோது பிரார்த்தனைக்குத் திரண்ட பெருங்கூட்டத்தைப் பற்றிச் சொல்லக் கேட்ட குடும்பங்கள் இந்நகரில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காவது அந்தக் கேள்வி உறைக்க வேண்டும்.

இப்படி எண்ணிட்டு உண்டாக்குவது அன்றி, உண்மையான அருமை வேறு வழியில் வருகிறது. கொடுமணல் அகழாய்வில் தடயம் கிடைத்திருக்கும் நம் பழைய மூசை உருக்கு, பிற்காலத்தில் ஊட்ஸ் என்ற பெயரோடு ஐரோப்பாவை எட்டியபோது, லண்டனில் கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவரும் கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அதன் ரகசியத்தைக் காணப் பல சோதனைகள் செய்தார்கள். இன்று அந்த உலைகள் இல்லை. தஞ்சை அரண்மனை ஆயுதக் களஞ்சியத்தில் மிஞ்சியவற்றில் சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி பழைய இரும்பாக உடைத்து விற்கப்பட்டது. அவற்றுக்கு எவரும் எண் இடவில்லை, எவரும் தொகுதியை வரையறுக்கவில்லை. அவ்வாறே, ஷெஃபீல்டின் பழைய கத்திகளுக்குப் பிடியாகப் போன நம் கடமான் கொம்பின் ஏற்றுமதியை இந்திய அரசாங்கம் தடைசெய்தபின், அத்தகைய பிடியுள்ள கத்தி அரிதாயிற்று. அந்தத் தடை மானைக் காக்க வந்தது. கத்தி அரிதானது அதன் உடன்விளைவே.

காப்பதா உபயோகிப்பதா என்ற சிக்கலுக்கு நம் வீடுகளிலேயே ஒரு விடை ஆண்டுதோறும் நடக்கிறது. சரசுவதி பூஜையன்று அரிவாள்மணை முதல் பேனாக் கத்தி வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வைக்கிறோம். அன்று அவற்றைத் தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமியன்று அவற்றை எடுத்து உபயோகித்தே ஆக வேண்டும் என்பதும் அதே சம்பிரதாயம். வழிபாடும் வேலையும் அங்கே ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. சேகரிப்பவரின் பெட்டியிலோ நவமி மட்டும் உண்டு, தசமி வருவதே இல்லை.

மேலும், அவர் தேடும் விசேஷம் உபயோகத்திலேயே இருக்கிறது. வாழைப்பூ நறுக்கிய கார்பன் எஃகு கறுக்கிறது, மாங்காய் நறுக்கிய இடத்தில் நீலச் சாயல் படர்கிறது, சாணை பிடிக்கப் பிடிக்க அலகு ஒவ்வொருவர் கைக்கும் ஏற்றபடி ஒடுங்கித் தேய்கிறது. ஒரே தொகுதியில் ஒரே நாளில் பிறந்த ஐம்பது கத்திகளை ஐம்பது பேரிடம் கொடுத்து இருபது ஆண்டு உபயோகிக்கச் செய்தால், எண்ணைப் பார்க்காமலே ஒவ்வொருவரும் தம் கத்தியைக் கண்டுகொள்வார்கள். பெட்டியிலிருக்கும் ஐம்பதும் ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் ஒன்று போலவே இருக்கும்.

மயிலாப்பூரில் தோன்றிய வாயிலார் நாயனார், மனத்தையே ஆலயமாக்கி, உணர்வையே விளக்காக்கி, அன்பையே நிவேதனமாக்கி, வெளிப்பொருள் ஒன்றும் வேண்டாமல் பூசித்தவர் என்று சேக்கிழார் பாடுகிறார். பங்குனியில் அறுபத்துமூவர் வீதியுலாவில் அவரும் மாட வீதிகளில் எழுந்தருளுகிறார். அந்த நிலை கிருகஸ்தர்களான நமக்கு எளிதில் கைகூடாது. நமக்குப் பொருள் வேண்டும், அழகான பொருளில் மகிழ்ச்சியும் வேண்டும். அரும்பொருள் ஒன்றை அப்படியே காத்துவைக்க வேண்டுமானால், எவருக்கும் உடைமையாகாமல் எல்லாரும் காணும்படி வைக்கும் அருங்காட்சியகம் இருக்கிறது. மற்றவர் சேர்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் வரையறுத்த தொகுதிக் கத்தி வைத்திருக்கும் அன்பர்கள், வரும் விஜயதசமியன்று அவற்றில் ஒன்றையாவது பெட்டியிலிருந்து எடுத்து முதல் எலுமிச்சம்பழத்தை நறுக்க வேண்டும்; கைக்கு மிஞ்சி இருப்பதில் ஒன்றை, நம் வீட்டு வழக்கப்படி கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து, அதை உபயோகிக்கக்கூடிய ஓர் இளைஞனை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.